விளிம்பில் சிறு நசுங்கல்

ஜிப்பாவின் வலது கை சுலபமாகப் போய்விட்டது. இடது கைதான் தகராறு செய்தது. தலையணையோரம் மடங்கியபடியே விறைத்துப் போயிருந்த அப்பாவின் கையைப் பரிதோஷ் மெல்லக் கீழே இறக்கப் பார்த்தான். அது இறங்கவில்லை. இன்னொரு முறை சற்று அழுத்தினான். மூட்டில் ஏதோ முறிகிற மாதிரி இருந்தது. சட்டென்று விட்டுவிட்டான்.

“அழுத்தாதீங்க. முதுகுப் பக்கம் தையலைப் பிரிச்சுடலாம். யாரு திருப்பிப் பாக்கப் போறா?” என்றாள் அவன் மனைவி கேயா.

கத்தரியை அவளே எடுத்து வந்தாள். ஹோலிக்கு மறுநாள் பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடுவது பரிதோஷின் வேலையாகத்தான் இருந்தது. வலது கை அன்றோடு விழுந்துவிட்டது. அதை முதலில் நுழைத்துக்கொண்டு இடது கையைக் கூப்பிட்டால், அது தானே தேடிக்கொண்டு வந்துவிடும். டம்ளர் பிடிக்க, செய்தித்தாள் புரட்ட, கொசு அடிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்குவதற்கும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமையை நினைப்பதில்லை என்று விடியற்காலையிலேயே முடிவு செய்திருந்தான். டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனபோதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் ரஜனிகந்தாப் பூமாலையோடு படியேறியபோதும் அந்த முடிவு தாக்குப்பிடித்தது. இந்தக் கை முன்னால் அது நிற்கவில்லை. புத்தம் புது ஜிப்பாவின் முதுகு கிழிந்து இரண்டானது. பிரித்த துணியை அப்பாவின் தோளுக்கு அடியில் செருகினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அனாதிநாத் தாலுக்தார் சுத்தமாக உடுத்திக்கொண்டு, யாரையோ கூப்பிடுவதற்காகக் கையை அரைகுறையாக உயர்த்திப் படுத்திருப்பவராகத் தெரிந்தார்.

உடலைக் கூடத்தில் பாய்மேல் இறக்கினார்கள். டாட்டாநகரிலிருந்து அவன் அக்கா மிதுல் தீதி வர வேண்டும். பத்தரை மணி ரயில். அதுவரை எடுப்பதற்கில்லை. கேயா கட்டிலை ஒழிக்கத் தொடங்கினாள். போர்வை, மெத்தை விரிப்பு, தலையணை. தலையணையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

“இது என்ன கூத்து?” என்றாள்.

ஒரு டப்பா பல்பொடி. இன்னும் உடைக்காதது. அதைச் சுற்றி வெள்ளை ஃபிளானல் துணி, அவளுடைய பழைய இரவு உடையிலிருந்து வெட்டிய துண்டு.

“சனிக்கிழமை என்கிட்ட கேட்டு வாங்கினாரு. மெத்துனு ஒரு துணி வேணும்னாரு, கொடுத்தேன். பல்பொடி வேணும்னாரு. வாயில ஒரு பல்லு இல்ல, உங்களுக்கு எதுக்கு பாபா பல்பொடின்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. சரி, பெரியவர் ஆசைப்படுறாருன்னு வாங்கிக் கொடுத்தேன்.” கேயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “திறக்கவே இல்ல பாருங்க.”

கேயா பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெண். தாலுக்தார் வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் கடைச் சமாச்சாரம் அவளுக்கு ஒட்டவில்லை. பரிதோஷுக்கு ஒட்டாமல் இருக்க முடியாது. பழைய வெள்ளியைத் துலக்கப் புளியும் கூடாது, சாம்பலும் கூடாது. நுண்ணிய பல்பொடி, ஃபிளானல் துணி, அவசரப்படாத கட்டை விரல். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் கூடத்தில் படுத்திருந்தார்.

டப்பாவை வாங்கித் துணியோடு சேர்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று கேயா கேட்டாள். குப்பையில் போடத்தான் என்றான்.

பார்க் தெருவுக்குப் பின்னால், முன்பு பியானோ விற்ற கட்டடத்தின் கீழ்த்தளம்தான் தாலுக்தார்களின் ஏலக்கூடம். இடிக்கப் போகும் பெரிய வீடுகளிலிருந்து சரவிளக்கு, பீங்கான், கட்டில், கண்ணாடி, வெள்ளி, எப்போதாவது ஒரு வைர மூக்குத்தி எல்லாம் அங்கே வந்து சேரும். சனிக்கிழமை பார்வைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு. வியாபாரிகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் சரிபாதியாக வந்து, பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்து, நிலக்கடலை தின்றபடி அடுத்தவன் வீட்டுச் சீரழிவை விலை பேசுவார்கள்.

ஊரில் எந்த ஏலக்கூடத்திலும் சுவருக்கும் வாய் உண்டு. பொருளுக்கு உடையவர் ஒரு கீழ்விலை சொல்லியிருப்பார். அதை எட்டுமுன் கூட்டம் படுத்துவிட்டால், மேடையில் நிற்பவன் பின்சுவரைப் பார்த்து, “அதோ, அங்கே ஐம்பது கூடுதல்” என்பான். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். புதிதாக வந்தவர் திரும்பிப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு ஐம்பது ஏற்றுவார். வியாபாரிகளுக்கு இது தெரியும். தெரிந்தும் சும்மா இருப்பதுதான் மரியாதை.

பரிதோஷ் சுத்தியலை வாங்கிக்கொண்ட வருஷம் அனாதிபாபு தன்னைத்தானே சுவராக நியமித்துக்கொண்டார். கடிகாரம் மாட்டிய தூணுக்குக் கீழே அவருக்கு ஒரு நாற்காலி. மகன் கண்ணைக் காட்டினால் இடது கையை ஈ விரட்டுகிற மாதிரி தூக்கி உடனே இறக்கிவிடுவார். “இடது கை சுவரு, வலது கை ஆளு,” என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். வலது கையைத் தூக்கினால் நிஜமாகவே வாங்குகிறார் என்று அர்த்தம். அது ஒரு தரம்கூட எழுந்ததில்லை. எழாது என்பதும் தெரிந்ததுதான். ஏலக்காரன் வீட்டுக்கு ஏலப்பொருள் போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒரு தேக்கரண்டிகூட அந்தக் கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்ததில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை மடியில் கிடந்தது. நிஜமாக ஒன்றை வாங்க வேண்டுமென்றால் இனி எந்தக் கையைத் தூக்குவது என்று அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவே இல்லை.

போன சனிக்கிழமை பார்வை நேரத்தில் வெள்ளி மேஜைக்கு முன்னால் அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பவானிப்பூரில் ஒரு வீட்டைக் காலி செய்ததில் வந்த சாமான்கள். பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டி, ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தாங்கி, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையும் அதற்கு ஜோடியான கிண்ணமும். பாலாடையை இடது கையில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பரிதோஷ் இரண்டு முறை அந்தப் பக்கம் போனான். இரண்டாம் முறை, “கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க பாபா, விரல்லயே படிச்சுடுவீங்களா?” என்று சொல்லிவிட்டுப் போனான். அவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு தடித்துப் போனதிலிருந்து ஒரு வாக்கியத்தை அவர் தொடங்கி முடிப்பதற்குள் கேட்பவனுக்கு இரண்டு வேலை வந்துவிடும். அவனுக்கும் வந்தது.

மறுநாள் மழை. கூட்டம் குறைவு. பாலாடை மேஜைக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. “குழந்தைக்குப் பால் புகட்டுற வெள்ளிப் பாலாடை, கிண்ணத்தோட. பழைய வேலை. விளிம்புல சிறு நசுங்கல், அதனால விலை நயம்,” என்று பரிதோஷ் கூவினான். நசுங்கலைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான். பழுதை மறைக்காமல் சொல்வது கூடத்தின் கௌரவம்.

வெள்ளி வியாபாரி பன்வர்லால் சுரானா விலை கேட்டார். அப்பாவின் இடது கை எழுந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டான். சுரானா ஏற்றினார். கை எழுந்தபடியே இருந்தது. சுரானா இன்னும் ஏற்றினார். கீழ்விலை எப்போதோ தாண்டிவிட்டது. சுவர் இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கை நின்றது. சுரானா உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டிவிட்டார். கடைசி விலை சுவருடையது. பொருள் சுவர் தலையில் விழுந்தால் ஏலக்காரன் முகத்தில் கரி.

அப்போது பரிதோஷுக்குப் பசி, எரிச்சல், கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்கிற பயம். இதெல்லாம் பிறகு அவன் தனக்குச் சொல்லிக்கொண்டவை. அந்த நிமிஷத்தில் அவனுக்கு வந்தது ஒரு நகைச்சுவை.

“பாபா, கையை இறக்குங்க. கடிகாரத்தை மறைக்குது. இவங்க எல்லாரும் சாப்பிடப் போகணும்.”

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் “மூணு தரம்” என்று சுத்தியலைச் சுரானா பேரில் இறக்கினான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு தன் கையை அண்ணாந்து பார்த்தார். அது தூக்கியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தவர் போல மெதுவாக இறக்கி, மற்றக் கையின் மேல் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டாக்ஸியில் பரிதோஷ் விடவில்லை. எங்கே நிறுத்துவது என்றுகூடத் தெரியாமல் போய்விட்டதா, சுரானா என்ன நினைப்பான், கூடத்தின் பேர் என்ன ஆவது என்று பொரிந்து தள்ளினான். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். டாக்ஸி வீட்டருகில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார். “தப்புதான், புலு,” என்றார், சின்ன வயதுச் செல்லப் பெயரைச் சொல்லி. மூன்று நாளில் அவர் அவனிடம் வேறு எதுவும் பேசியதாக நினைவில்லை. அவனும் கேட்கவில்லை.

மிதுல் தீதி வந்தாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும், உயர்ந்திருந்த இடது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். தூக்கத்திலேயே போயிட்டாரு, அப்படியே விறைச்சுடுச்சு என்று கேயா சொன்னாள். பரிதோஷ் பூசாரியைப் பார்க்கப் போகிறவன் போல மாடிப்படிக்கு நகர்ந்தான். கொஞ்ச நேரத்தில் தீதி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள். அவனைவிட ஆறேழு வயது மூத்தவள். அம்மா போன பிறகு இந்த உலகத்தில் அவனைத் திட்ட உரிமை உள்ள ஒரே பெண்.

“கடைசியா என்ன பேசினாரு?”

“ஒண்ணும் பேசல.”

“என்கிட்ட போன்ல திரும்பத் திரும்பத் தியாவைத்தான் கேட்டாரு. எப்ப பொறக்கும், எப்ப பொறக்கும்னு. கொள்ளுப்பேரனுக்குச் சோறு ஊட்டுற வரைக்கும் இருப்பேன்னாரு. எப்படி ஊட்டுவீங்க, கை வரலையேன்னேன். இடது கை இருக்கேன்னாரு.”

தியா பரிதோஷின் மகள். பூனாவில் இருந்தாள். ஏழாம் மாதம்; பயணம் கூடாது என்று காலையில்தான் போனில் அழ அழச் சொல்லி வைத்திருந்தார்கள்.

பரிதோஷின் கை தானாகப் பைக்குள் போய் டப்பாவைத் தொட்டது. எடுக்கவில்லை. சும்மா கேட்கிறவன் போல, “தீதி, வீட்ல முன்ன வெள்ளி ஏதாவது இருந்துதா?” என்றான்.

“நம்ம வீட்லயா? அம்மாகிட்ட இருந்ததெல்லாம் கூடத்துக்கு முதல் போட்டாச்சே. கடைசியா போனது உன்னோடது.”

“என்னோடதா?”

“உன் பாலாடை. நீ பால் குடிச்சது. தாத்தா வீட்டுச் சீரு.” அவள் அழுத முகத்தோடு சிரித்தாள். “குடிச்சியா நீ? கடிச்ச. முதல்ல முளைச்ச பல்லை வெச்சுக்கிட்டு நறநறன்னு கடிப்ப. மெல்லிசு வெள்ளி, உள்வாங்கிடுச்சு. மேல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பள்ளம், அடியில ஒண்ணு. பாபா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதைக் காட்டுவாரு, என் பையன் வெள்ளி தின்னு வளர்றான்னு.”

மேலே இரண்டு, அடியில் ஒன்று. மேஜை விளக்கின் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் அவன். ‘விளிம்பில் சிறு நசுங்கல்’ என்று எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

“அந்த வருஷம் கூடம் மூடுற நிலைமை. மேஜை நிறைஞ்சு தெரியணும்னு வீட்ல இருந்ததையெல்லாம் கொண்டு போனாரு. அதையும் கொண்டு போயி அவரே கூவி அவரே சுத்தியலை அடிச்சாரு. அம்மா ரொம்ப நாள் அவர்கிட்ட சரியாப் பேசல. அதுக்கப்புறம்தான் அந்தச் சட்டமெல்லாம். ஒரு தடவை வித்தவன் திரும்ப ஆசைப்படக் கூடாதுன்னு.” தீதி எழுந்துகொள்ளப் போனவள் நின்றாள். “எதுக்குக் கேட்ட?”

“சும்மா.”

“ஏன்டா முகம் இப்படிப் போகுது? வந்துதா அது? உங்க கூடத்துக்கே திரும்பி வந்துதா?”

“வந்த மாதிரி இருக்கு.”

“பாபா பாத்தாரா?”

“பாத்தாரு.”

“அப்புறம்?”

“வித்துப் போச்சு,” என்றான். கீழே வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டது அவனுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

கேவ்ராதலா சுடுகாட்டில் மின்சார உலைக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். நாலாவது அனாதிபாபு. பூசாரி அவசரக்காரர். பிண்டச் சோற்றை அப்பாவின் வாயில் வைக்கச் சொன்னார். பரிதோஷ் குனிந்தான். உதடுகள் மூடியிருந்தன. விரலால் திறக்க வேண்டியிருந்தது. பல் இல்லாத ஈறு சில்லென்று பட்டது. சோறு உள்ளே நிற்காமல் தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். “வெச்சது போதும், தொட்டாப் போதும்,” என்றார் பூசாரி. பரிதோஷுக்குப் போதவில்லை. தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, நிற்கும்வரை வைத்தான். பிறகு நெருப்பை வாய்க்குக் காட்டினான். உலைக்கதவு திறந்து தட்டு உள்ளே நகர்ந்தபோது, மேலே நின்ற இடது கை கதவின் மேல்விளிம்பில் லேசாக இடித்துவிட்டுப் போனது. தீதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாம்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் சுரானா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மாலை. மாலை போடுவதற்கு ஆள் உள்ளே போய்விட்டதால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். இருபது வயதில் கூடத்துக்கு வந்து, ‘கர்த்தா’ என்று தான் கூப்பிட்ட அனாதிபாபுவிடம் திட்டு வாங்கித் தொழில் கற்றவர். இப்போது தொப்பையும் மூன்று கடையும் இருந்தன.

“சிரிச்சுட்டேன், பரிதோஷ்பாபு,” என்றார் வந்ததும் வராததுமாக. “எல்லாரையும்விட சத்தமா நான்தான் சிரிச்சேன். கர்த்தா என்னைத் திரும்பிப் பார்த்தாரு. அதுலேர்ந்து சோறு இறங்கல.”

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பரிதோஷுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் இருவருக்கும் சுமை குறைந்துவிடும். குறைவதை அவன் விரும்பவில்லை.

“நான் தலையாட்டிட்டேன்ல? எனக்கு வேணாம்னு ஆட்டினேன். அப்புறம் எப்படி என் பேர்ல அடிச்சீங்க?”

“தெரியும்.”

“அப்ப அது கர்த்தாவோடது.”

“ஆமா. அவரோடதுதான். உருக்கிட்டீங்களா?”

“சேச்சே. அலமாரியில இருக்கு. அது என்னமோ கை வரல.”

“எனக்குக் கொடுத்துடுங்க, சுரானாஜி. என்ன விலைன்னாலும்.”

சுரானா மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “கொடுத்துடலாம். இப்பவே ஆளை அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லலாம். ஆனா நீங்க அதை நிம்மதியா வெச்சுப்பீங்களா? சுத்தியலுக்குக் கீழ போன பொருள் சுத்தியலுக்குக் கீழதான் திரும்பணும், கொல்லைப்பக்கமா கைமாத்தினா அதுக்குப் பேரு வேறன்னு என் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தவரு உள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்காரு.” கொஞ்சம் நிறுத்தி, “ஞாயித்துக்கிழமை என் பேர்ல திருப்பிப் போடுறேன். கீழ்விலை கிடையாது. மத்தது உங்க இஷ்டம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பரிதோஷ் முழுத் துக்கக்காரனாகிவிட்டான். தைக்காத வெள்ளைத் துணி, வெறுங்கால், முகத்தில் முள்முள்ளாய்த் தாடி, கழுத்து நூலில் வழக்கப்படி ஒரு இரும்புச் சாவி. பச்சை வாழைக்காயோடு ஒருவேளைச் சோறு. உட்காருவதற்குப் போகிற இடமெல்லாம் ஒரு கம்பளித் துண்டு. பிறர் ஆசனத்தில் நேராக உட்காரக் கூடாது. ஏலத்தை நடத்தும்படி உதவியாளர் தாரக்கிடம் சொல்லியாகிவிட்டது. காலையில் அந்தக் கம்பளித் துண்டைச் சுருட்டிக்கொண்டு அவன் வாசலுக்கு வந்ததும் கேயா வழிமறித்தாள்.

காரியம் முடியாமல் கடைக்குப் போகிறவனை ஊர் என்ன சொல்லும் என்றாள். அப்பா இருந்தால் விடுவாரா என்றாள். அவள் கேட்டதில் ஒன்றுகூட நியாயமில்லாதது இல்லை. நடந்ததைச் சொன்னால்தான் பதில். பரிதோஷ் கம்பளித் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

தீதி உள்ளேயிருந்து வந்தாள். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். படிக்கட்டில் அன்று அவன் பாதியில் விட்ட பேச்சை அவள் மிச்சம் வைத்திருக்கிறாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. “போயிட்டு வா, புலு,” என்றாள். “சட்டம் பேசுறவரு இப்ப வீட்ல இல்ல.”

வெறுங்காலோடு அவன் கூடத்துக்குள் நுழைந்ததும் நிலக்கடலை உடைக்கும் சத்தம் நின்றது. முன்வரிசையில் இருந்த வியாபாரிகள் எழுந்து நின்றார்கள். உட்காரும்படி சைகை காட்டிவிட்டுத் தூணுக்குக் கீழே போனான். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. கூட்டம் அதிகமாயிருந்தும் அதில் யாரும் உட்காரவில்லை. கம்பளித் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் அந்த இடத்திலிருந்து மேடையைப் பார்த்ததில்லை. மேடை அவ்வளவு உயரமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அங்கே நிற்பவன் தன்னைப் பார்க்கிறானா, தலைக்கு மேலே கடிகாரத்தைப் பார்க்கிறானா என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது.

சரவிளக்குகள் போயின. ஒரு பெல்ஜியம் கண்ணாடி போனது. வெள்ளி வந்தது. தாரக் பாலாடையைத் தூக்கிக் காட்டினான்.

“பால் புகட்டுற வெள்ளிப் பாலாடை, கிண்ணத்தோட. போன வாரம் வந்தது, திரும்ப வந்திருக்கு. விளிம்புல சிறு நசுங்கல்.”

பரிதோஷ் இடது கையைத் தூக்கினான்.

வலது கையில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் தூக்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். எழுந்தது இடது கை. தாரக்கின் கண் அந்த நாற்காலியில் எழுந்த கையைப் பார்த்து, பழக்கத்தில் ‘சுவர்’ என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஆளைத் தேடி முன்வரிசைக்குப் போனது. கண்ணாடி வாங்க வந்திருந்த ஒரு புதுப் பெண்மணி ஐம்பது ஏற்றினாள். தாரக் திரும்பினான். கை நின்றது. அவள் இன்னும் ஐம்பது ஏற்றினாள். கை நின்றது. தோள் வலிக்கத் தொடங்கியது. அப்பாவுக்கும் வலித்திருக்கும், எண்பத்திரண்டு வயதில் ஒற்றைக் கையை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியும் என்று அப்போதுதான் தோன்றியது. அந்தப் பெண்மணி பக்கத்திலிருந்த சுரானாவைப் பார்த்தாள். சுரானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையை மூடிக்கொண்டாள்.

“ஒரு தரம்,” என்றான் தாரக். நாற்காலியைப் பார்த்தான். இந்தத் தடவை யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்த்தான். குரல் இறங்கியது. “ரெண்டு தரம்.”

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“மூணு தரம்.”

சுத்தியல் விழுந்தது. பேர் என்ன என்று தாரக் கேட்க வேண்டும், அது முறை. கேட்டான்.

“அனாதிநாத் தாலுக்தார்,” என்றான் பரிதோஷ்.

தாரக் எழுதிக்கொண்டு அடுத்த பொருளைக் கூப்பிட்டான். வெற்றிலைப் பெட்டி. கூட்டம் மறுபடி அசைந்தது, கடலை உடைபடும் சத்தம் கேட்டது. பரிதோஷின் கை இன்னும் மேலேயே இருந்தது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று தாரக் தலையைச் சாய்த்து, கைக்குப் பக்கவாட்டில் எட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.